தெருவை எண்ணாத சாதிக் கணக்கு

1931க்குப் பிறகு முதல் முறையாக ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்பட இருக்கின்றன. 2025 ஏப்ரல் 30 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளிவந்தது. பனி படர்ந்த சில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் 2027 மார்ச் 1 தான் கணக்கு நாள்.

அறிவிப்பு வந்த நாள் முதல் சாதிச் சங்கங்களின் மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது: "நாம எத்தனை சதவீதம்?" ஒவ்வொரு சங்கமும் தனக்கென ஓர் எண்ணை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை இரண்டு மடங்காகிவிடும்.

சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. 2024 ஜூன் 26 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் அதைத்தான் கேட்டது. ஆனால் "எத்தனை பேர்" என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொண்டால், வரப்போகும் எண்கள் கூட்டணிப் பேரத்துக்கு உதவும். சேரித் தெருவுக்கு உதவாது. சாதி என்பது மாநில அளவிலான சதவீதம் மட்டுமல்ல. யார் வீடு எங்கே இருக்கிறது, அந்த வீட்டுக்குக் குழாய் எந்த வழியாக வருகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பிணம் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் சாதிதான். சாதிக்கு முகவரி உண்டு. முகவரியை விட்டுவிட்டுச் சாதியை எண்ணுவது பாதிக் கணக்கு.

இலஞ்சியை எப்படிப் படிப்பது?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது இலஞ்சி. வெளியூர்க்காரர்களுக்கு அது குமாரர் கோயிலும் நெல்வயலும் சாரலும். அரசுக்கு அது ஒரு பேரூராட்சி. அதாவது மக்கள்தொகைக் கணக்கில் இது நகர்ப்புறம்.

இந்த 'நகர்ப்புறம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். பெரிய மாநிலங்களில் நாம்தான் முன்னணி என்று பெருமைப்படுகிறோம். அந்த நகர்ப்புறத்தில் சென்னையும் கோவையும் மட்டும் இல்லை. இலஞ்சி மாதிரியான நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளும் அடக்கம். காரும் பிசானமும் பார்த்து நெல் நடுகிற ஊர், பெயர்ப்பலகையில் நகரமாகிவிட்டது. தெரு அமைப்பு நகரமானதா என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

பேரூராட்சி பற்றி நம் கையில் இருக்கும் தரவு என்ன? வார்டு வாரியாக மொத்த மக்கள், ஆண், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றவர், விவசாயி, விவசாயக் கூலி, பிற தொழிலாளர் என்ற எண்கள் கிடைக்கும். வீட்டின் கூரை, கழிப்பறை, குடிநீர், தொலைக்காட்சி, இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்கு வேறோர் அட்டவணை இருக்கிறது. இரண்டையும் குறுக்காக வைத்து, இந்த வார்டில் இந்தச் சாதியினரின் வீடுகளில் எத்தனைக்குக் கழிப்பறை இருக்கிறது என்று பார்க்க முடியாது. வருமானத்தை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பதே இல்லை. வார்டுக்குக் கீழே தெரு அளவில் எதுவும் வெளியிடப்படுவதில்லை.

இதனால் என்ன கெடும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு வார்டில் 400 வீடுகள். அதில் 320 வீடுகள் ஊருக்குள். 80 வீடுகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஊருக்குள் 296 வீட்டில் குழாய் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் 8 வீட்டில் இருக்கிறது. வார்டின் சராசரி 76 சதவீதம். "நாலில் மூன்று வீட்டுக்குக் குடிநீர் கொடுத்துவிட்டோம்" என்று பேரூராட்சி அறிக்கை எழுதும். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மேல் தண்ணீர். மறுபக்கம் பத்தில் ஒரு வீட்டுக்கு. சராசரி என்ற ஒற்றை எண் வாய்க்காலை மூடி மறைத்துவிட்டது. அந்த வார்டில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர் என்று இன்னோர் எண்ணும் சேர்ந்துகொண்டால், எல்லாரும் கலந்து வாழும் சமத்துவ வார்டு போல அது காட்சி தரும். 2011இல் தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினரின் பங்கும் ஏறத்தாழ அதே 20 சதவீதம்தானே!

சிறிய கட்டத்தில் பார்த்தவர்கள் கண்டது

இது வெறும் சந்தேகம் இல்லை. சிறிய அளவில் தரவு கிடைத்தபோதெல்லாம் ஆய்வாளர்கள் இதைத்தான் கண்டிருக்கிறார்கள்.

2012இல் திரினா விதயத்தில், காயத்ரி சிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவின் ஏழு பெரிய மாநகரங்களின் 2001 வார்டுத் தரவை எடுத்துக்கொண்டார்கள். பணக்காரர், ஏழை என்ற பிரிவைவிடச் சாதிப் பிரிவுதான் நகரத்தின் குடியிருப்புகளை அதிகமாகப் பிளந்திருக்கிறது என்று காட்டினார்கள். நகரத்துக்குப் போனால் சாதி கரைந்து வர்க்கம் மட்டும் மிஞ்சும் என்று நம்பியவர்களுக்கு அது நல்ல அடி.

அடுத்து வந்த ஆய்வுகள், வார்டே பெரிய கட்டம் என்றன. நவீன் பாரதி, தீபக் மல்கன், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர் வார்டுக்கும் கீழே இறங்கிப் பார்த்தபோது, ஒரே வார்டுக்குள்ளேயே சாதிகள் தனித்தனித் தெருக்களாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது. நகரம் பெரிதாகப் பெரிதாகப் பிரிவு குறையும் என்பதற்கும் அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

மிகப் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அஞ்சலி அடுகியா, சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்டோர் இந்தியா முழுவதும் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சுமார் 700 பேர். பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் அளவு, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருக்கும் அளவைவிடச் சற்றுத்தான் குறைவு. நகரங்களுக்குள் இவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவமனை போன்ற பொது வசதிகள் குறைவாக இருக்கின்றன. நமக்கு முக்கியமானது இன்னொரு முடிவு: இந்தப் பாகுபாட்டில் பெரும்பகுதி மாவட்டங்களுக்கு இடையிலோ நகரங்களுக்கு இடையிலோ இல்லை. ஒரே நகரத்துக்குள், ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையில் இருக்கிறது. அரசு வழக்கமாக வெளியிடும் மொத்தக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது.

டெல்லியில் தீட்டப்படும் திட்டம் சமமாகத் தெரியலாம். சென்னையில் போடப்படும் அரசாணையும் சமமாகத் தெரியலாம். குழாய் எந்தத் தெருவோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்யப்படுவது பேரூராட்சி அலுவலகத்தில். அங்கேதான் சாதி வேலை செய்கிறது. அந்த இடத்தில்தான் நம்மிடம் எண் இல்லை.

நூறாண்டுக்கு முன்பே எண்ணிய மாவட்டம்

இவ்வளவு நுணுக்கமாக எண்ணுவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்தார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், எந்தச் சாதி எவ்வளவு பேர் என்று எழுதி வாங்கினார். 1918இல் நூலாக வந்தது. அதில் ஓர் ஊர் நம் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் போனார்கள். ஓர் ஊரின் மக்கள், வருமானம், சாதி அமைப்பு மூன்றும் தலைமுறை தலைமுறையாக எப்படி நகர்ந்தன என்று பார்க்க வழி இருக்கிறது. இன்று அந்தக் கங்கைகொண்டானில் சிப்காட் வளாகம் நிற்கிறது.

தஞ்சை வட்டாரத்தில் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றிச் சொன்ன ஊரில் தங்கி ஆராய்ந்தார். அக்ரஹாரம், குடியானவர் தெருக்கள், சேரி என்று மூன்று கூறாக அந்த ஊர் இருந்தது. பிராமணர்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதிகாரம் இடைநிலைச் சாதிகளின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. மாறாமல் இருந்தது சேரிக்கும் ஊருக்கும் இடையிலான தூரம்.

தாமிரபரணிக் கரையிலும் சிற்றாற்றுக் கரையிலும் இதே நகர்வை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிராமணர் காலி செய்த வீட்டைப் பணம் இருந்தால் வேறொரு சாதிக்காரர் வாங்கிக் குடியேற முடிகிறது. அதையே 'சாதி மாறிவிட்டது' என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டை வாங்கப் பணத்தோடு வரும் பள்ளரோ பறையரோ அருந்ததியரோ என்ன பதிலைக் கேட்கிறார் என்பதுதான் உண்மையான சோதனை. தெருவின் அமைப்பு மாறுகிறது. ஆனால் மேலிருந்து பாதிவரைதான் மாறுகிறது. எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டத்தான் தெருக் கணக்கு வேண்டும்.

வருமானம் உயர்ந்தால் போதுமா?

"படித்து, வேலைக்குப் போய், சம்பாதித்தால் எல்லாம் சரியாகும்" என்பது நம் வீடுகளிலும் சொல்லப்படுவது. கொடியன்குளத்துக்கு அது நடந்தது. பள்ளர்கள் வாழும் அந்த ஊரிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். பணம் வந்தது, மாடி வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை ஊருக்குள் புகுந்தது. எதை உடைத்தார்கள் என்று பாருங்கள்: தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள். எரிக்கப்பட்டவற்றில் கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் இருந்தன. அந்தத் தெருவின் வருமானம் உயர்ந்ததற்குக் காரணமான பொருட்களே தேடித் தேடி அழிக்கப்பட்டன.

இலஞ்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று, மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடே அதிர்ந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். யார் பணம் கொடுத்தது என்று விசாரித்தார்கள். ஏன் இந்த மக்களால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று விசாரித்தவர்கள் குறைவு.

எண்ணிக்கைக் கண்ணோடு அந்த ஊரைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிமும் கிறித்தவரும் இன்றுவரை வெளியே. ஆகவே மதம் மாறியவர்கள் கணக்கெடுப்பில் பட்டியல் சாதிக் கட்டத்திலிருந்து மறைந்துபோனார்கள். அதே மனிதர்கள், அதே வீடுகள், அதே தெரு. தாளில் ஊரின் அமைப்பே தலைகீழானது. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் தலித் கிறித்தவக் குடியிருப்புகளுக்கும் இதே நிலைதான். ஆதிக்கச் சாதிக்காரருக்கு அந்தத் தெரு எது என்று தெரியும். கணக்கெடுப்புக்குத் தெரியாது. தெரு வாரியாக வசதிகளை எண்ணினால், எந்த மதக் கட்டத்தில் அவர்களைப் போட்டாலும் அந்தத் தெருவின் இல்லாமை வெளியே வந்துவிடும்.

பெயரை அழித்த பிறகு

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. வரவேற்கிறோம். முகவரி சொல்லும்போது குரல் தாழ்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். விண்ணப்பத்தில் 'காலனி' என்று எழுதியதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் கண்களை நாம் அறிவோம்.

ஆனால் பலகையை மாற்றிவிட்டு அளவுகோலையும் தூக்கிப்போட்டால் என்ன ஆகும்? காலனி 'பூங்கா நகர்' ஆகும். குழாய் வராது. பழைய பெயராவது அங்கே ஒரு பாகுபாடு இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. புதிய பெயரில் அதுவும் மறையும். பெயர் மாற்றத்தோடு கூடவே, பெயர் மாறிய ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கணக்கும் வெளியாக வேண்டும். இல்லையென்றால் அது வெள்ளையடிப்பு.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக் குழந்தைகளுக்கு மிட்டாய் தரமாட்டேன், ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாமெல்லாரும் பார்த்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றமும் இடத்தைப் பற்றியது. தண்டனையும் இடத்தைப் பற்றியது. 'ஊர்' என்றால் எது, அதில் யார் இருக்கலாம் என்பதுதான் அந்த வழக்கின் மையம். காணொளி வராத ஊர்களில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிகாகோவில் என்ன செய்தார்கள்?

அமெரிக்கா தன் முதல் கணக்கெடுப்பிலிருந்தே, 1790இலிருந்தே, நிறத்தையும் அடிமை நிலையையும் எண்ணுகிறது. 1940 முதல் வருமானத்தைக் கேட்கிறது. சில ஆயிரம் பேர் வாழும் சிறு பகுதி வாரியாக அதை வெளியிடுகிறது. சிகாகோவின் எந்தப் பகுதியில் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கறுப்பர், வெள்ளையர் விகிதமும் குடும்ப வருமானமும் எப்படி மாறின என்று ஒரு கல்லூரி மாணவரால் சொல்ல முடியும்.

தரவு இருந்ததால் அமெரிக்கா நீதியான நாடாகிவிடவில்லை. 1930களில் அரசு நிறுவனமே நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தியது. எண்ணுவதால் வரும் தீமைக்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டாம். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் கறுப்பர் பகுதியில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கி, வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. அவர் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து, 1968 ஏப்ரல் 11 அன்று, நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு தீர்ப்புகளில் பார்க்கலாம். கறுப்பருக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை நீதிமன்றம் செயல்படுத்தித் தராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2005இல், ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் சொன்னது. சென்னையிலோ பெங்களூரிலோ வாடகைக்கு வீடு தேடிய நம் நண்பர்களில் எத்தனை பேர் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைத் தாண்டி வந்திருப்பார்கள்? சாதியின் பெயரால் வாடகை வீடு மறுப்பதைத் தடுக்க நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. மறுப்பு நடக்கிறது என்று மெய்ப்பிக்கும் எண்ணும் இல்லை.

குடியிருப்பைக் கலக்க அரசு தலையிட்ட அனுபவம் நமக்கே உண்டு. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீட்டுக்கு 40 பட்டியல் சாதியினர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 இதரர் என்று விகிதம் வைத்தார்கள். தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில் 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் இன வாரி உச்சவரம்பு இருக்கிறது. இரண்டிலும் குறைகள் உண்டு. சமத்துவபுரம் புதிதாக ஓர் ஊரைக் கட்டியது. பழைய ஊரைத் தொடவில்லை. சிங்கப்பூரில் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் வீட்டை விற்கச் சிரமப்பட்டார்கள். ஆனாலும் இரண்டு அரசுகளும் ஒன்றை ஒப்புக்கொண்டன: யார் யார் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பது தானாக நடப்பதில்லை, அதை மாற்ற முடியும்.

இரண்டு மறுப்புகள்

தெரு அளவில் சாதியை வெளியிட்டால் கலவரக்காரனுக்குப் பட்டியல் கொடுத்தது போல ஆகாதா? மரியாதைக்குரிய கேள்வி. சிவப்பு வரைபடம் நினைவில் இருப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே நாம் கேட்பது வீடு வாரிப் பெயர்ப் பட்டியல் அல்ல. நூறு, நூற்றைம்பது வீடுகள் கொண்ட கணக்கெடுப்புக் கட்டம் ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரும்பிரிவுகளின் கூட்டுத்தொகையும் வீட்டு வசதிகளும் மட்டும் போதும். தனி வீட்டை அடையாளம் காணும் அளவுக்குச் சிறிய எண்களை மறைத்துவிடலாம். இன்னொன்றும் உண்மை: கொடியன்குளத்துக்குப் போனவர்களுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. அடிக்க வருபவனுக்கு எது சேரி என்று எப்போதும் தெரியும். குழாய் போட வருபவனுக்குத்தான் தெரியாமல் போகிறது.

எண்ணினால் சாதி கெட்டிப்படும் என்பது இரண்டாவது மறுப்பு. 1931க்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முழுமையாக எண்ணாமல் இருந்து பார்த்தாகிவிட்டது. 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களைக் குளறுபடி என்று சொல்லி வெளியிடாமலும் வைத்தாகிவிட்டது. சாதி கரையவில்லை. பீகார் எண்ணியது. 2023 நவம்பரில் வெளியான விவரப்படி, மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் மாநிலம் முழுவதும் 34.13 சதவீதம், பட்டியல் சாதியினரில் 42.93 சதவீதம், பொதுப் பிரிவினரில் 25.09 சதவீதம். சாதியையும் வருமானத்தையும் சேர்த்துக் கேட்க ஒரு மாநில அரசால் முடிந்திருக்கிறது. இங்கே முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

கேட்க வேண்டியது, செய்ய வேண்டியது

தென்காசி நாடாளுமன்றத் தொகுதி 1967 முதல் தனித் தொகுதி. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டு பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்படும் என்பது 2011 மக்கள்தொகையை வைத்து முடிவானது. ஆக, யார் எங்கே வாழ்கிறார்கள் என்று தேவைப்படும்போது அரசு எண்ணிக்கொள்கிறது. ஒதுக்கீட்டுக்கு எண்ணிய அதே கையால் வடிகாலுக்கும் எண்ணட்டும் என்பதே நம் கோரிக்கை.

ஒன்று, 2027 கணக்கெடுப்பின் சாதி விவரங்களும் வீட்டு வசதி விவரங்களும் இணைக்கப்பட்டு, கணக்கெடுப்புக் கட்ட அளவில் வெளியிடப்பட வேண்டும். இரண்டு, பட்டியல் சாதிக்குள் அருந்ததியர் போன்ற பிரிவினரின் நிலை தனியே தெரிய வேண்டும். மதம் மாறிய தலித்துகளின் சாதியும் பதிவாக வேண்டும். மூன்று, பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியை மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கவும் செலவிடவும் 2024இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் கீழ், பணம் எந்தக் குடியிருப்பில் செலவானது என்று ஆண்டுதோறும் பேரூராட்சி வாரியாகச் சொல்ல வேண்டும்.

இதற்காக 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்துக்குப் போங்கள். நிலத்தின் வழிகாட்டி மதிப்பை அரசு நகரப் பகுதிகளுக்குத் தெரு வாரியாகவே போட்டு வைத்திருக்கிறது. பத்திரப் பதிவுக்கு வரி வாங்க ஒவ்வொரு தெருவின் பெயரும் அரசுக்குத் தெரிகிறது. உங்கள் ஊரை எடுத்து, தெருக்களை விலை வரிசையில் அடுக்குங்கள். எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேரூராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: தெரு வாரியாக எத்தனை வீட்டுக் குடிநீர் இணைப்பு, எத்தனை தெருவிளக்கு, எத்தனை மீட்டர் வடிகால், கடைசியாகச் சாலை போட்டது எந்த ஆண்டு.

குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இது இன்னும் அவசரம். சாரலை நம்பி விடுதிகள் பெருகுகின்றன, நெல்வயல்கள் மனையாகின்றன. நிலம் வைத்திருப்பவருக்கு அது வருமானம். அந்த வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்தவருக்கு அது வேலையிழப்பு. பத்தாண்டு கழித்து இந்த ஊர்களின் சராசரி வருமானம் உயர்ந்திருக்கும். உயர்ந்தது யாருடையது, ஊரைவிட்டுப் போனது யார் என்று அப்போது கேட்டால், இன்றைய நிலை எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரு விடுமுறையில், இரண்டு நண்பர்களோடு, ஒரு நோட்டோடு உங்கள் பேரூராட்சியின் எல்லாத் தெருக்களிலும் நடந்து பாருங்கள். எழுதியதை வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள், பகுதி சபாக் கூட்டத்தில் படியுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள்.